தர்பாருக்குப் பின்பக்கம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடை முழுக்க ரோஜாப்பூ, நடுவில் ஓர் அன்னப்பறவை, அதன் வாயிலிருந்து புகை. பக்கத்து நாற்காலிக்காரர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதென்ன பிரமாதம்! ராயபுரத்துல எங்க சொந்தத்துல சுடுகாட்டையே தொங்கவிட்டுக் கல்யாணம் பண்ணினாங்க" என்றார். "அப்புறம்?" என்றேன். "பந்தி போட்டுட்டான்" என்று எழுந்தவர்தான். மனுஷனை அப்புறம் கண்ணாலேயே பார்க்கவில்லை.

ஆக, மீதியை நான் எழுதவேண்டியதாயிற்று. இப்படி ஆரம்பித்தேன்:

"1951ஆம் ஆண்டு. நீல அலைகள் ராயபுரத்துக் கரையை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த இனிய வைகறையில், கட்டழகி ஜெயக்கொடி…"

வேண்டாம். ராயபுரத்துக் கரையை முத்தமிடுகிற அலைக்கு வாயெல்லாம் மீன்செதில் ஒட்டும். ஜெயக்கொடியும் கட்டழகி இல்லை, கட்டைக்குரல்காரி. வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன்.

2

தவசிமுத்துவுக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். சொந்த ஊர் தெற்கே உடன்குடிப் பக்கம். கிட்டங்கி மட்டும் ராயபுரம் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால். (சரக்குக் கிடங்கைத் தெற்கத்தி வியாபாரிகள் கிட்டங்கி என்பார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன், ஒரு கெத்துக்கு.) மூத்த பெண்கள் மூன்று பேருக்கும் அந்தக் கிட்டங்கி முற்றத்தில்தான் கல்யாணம். மூன்று கல்யாணத்துக்கும் அதே கீற்றுப் பந்தல், அதே குலைவாழை, அதே காகிதத் தோரணம். நாலாவது பெண் ஜெயக்கொடி முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து நின்றாள்.

"யப்பா, எனக்குத் தர்பார் வேணும்."

"என்னது?"

"ராசா கொலு. தூணு, சிம்மாசனம், மேல சரவிளக்கு. நாடகத்துல தொங்கவிடுவாவல்லா, அந்தப் படுதா. அதுக்கு முன்னால இருந்துதான் நான் கழுத்த நீட்டுவேன்."

"ஏட்டி, ஊரு சிரிக்கும்."

"அக்காமாரு மூணு பேருக்கும் ஊரு கொட்டாவில்லா விட்டுச்சு!"

தவசிமுத்து மிளகாய் விலையில் யாருக்கும் இறங்கி வராதவர். மகளிடம் இறங்கினார். "ஏதும் ஏடாகூடமாச்சு, உன் தலையிலதான் விடியும்" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை வெள்ளத்துரை. திருவொற்றியூரில் எடைக் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்று மிளகாய்க் கமறல் தாங்காமல் ஒன்பது தும்மல் தும்மிவிட்டு, ஒன்பதுக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டவன். அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயக்கொடிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் எத்தனையோ முறை மாற்றி எழுதிப் பார்த்தேன், அவள் அசைந்துகொடுக்கவில்லை.

3

இங்கே கொஞ்சம் துணி விவகாரம். அலுப்பாக இருந்தால் நாலாவதுக்குப் போய்விடுங்கள், ஆனால் அங்கே போய் முழிக்கக் கூடாது.

யுத்த காலத்தில் துணிக்கு ரேஷன். புதுத் துணி கிடைக்காத நாடகக் கம்பெனி ஒன்று, ஒரே படுதாவில் இந்தப் பக்கம் தர்பாரும் அந்தப் பக்கம் சுடுகாடுமாகத் தீட்டிவிட்டது. யுத்தம் முடிந்து ஆறு வருஷமாகியும் அதே படுதாதான். அதை வாடகைக்குக் கொண்டுவந்தவர் அப்பாவு, கம்பெனியின் படுதாக்காரர், அசல் ராயபுரத்து ஆள்.

"இத பாரு நைனா, ரெண்டு பக்கமும் படம் கீது. இந்தாண்ட ராஜா, அந்தாண்ட சுடுகாடு. மாத்திக் கட்டினா பேஜாராப் பூடும், சொல்ட்டேன்."

"சரிய்யா சரி, கட்டும்" என்றார் தவசிமுத்து. அவர் காது அப்போது சமையல்காரரிடம் இருந்தது.

அப்பாவு ஒழுங்காகத்தான் கட்டினார். மணவறை தெருவைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து; தர்பாரும் தெருவைப் பார்த்து. பனிக்கு நனையாமல் சுருட்டி மேலேற்றியும் வைத்தார். விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர், "மணமக்கள் மேற்கே பாத்தா உக்காருவாவ?" என்று ஒரு கேள்வி போட்டார். உடனே பலகை, குத்துவிளக்கு, ஜமுக்காளம் எல்லாவற்றையும் தூக்கிப் படுதாவுக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்துப் போட்டார்கள். படுதாவைத் திருப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுருட்டிக் கிடக்கிற துணிக்கு முன்னென்ன, பின்னென்ன? தோன்றியிருக்க வேண்டிய அப்பாவு, பின்கட்டில் ஏழாவது இட்லியில் இருந்தார்.

4

பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். தவசிமுத்து கையைக் காட்ட, யாரோ கயிற்றை இழுத்தார்கள். படுதா இறங்கியது.

முதுகுக்குப் பின்னால் நடப்பது ஜெயக்கொடிக்குத் தெரியாது. எதிரே இருந்த முகங்களைத்தான் பார்த்தாள். தர்பாரைப் பார்த்து அசந்துபோகிறார்கள் என்று முதலில் ஒரு பெருமை. பிறகு நாகஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று சிதை, நாலு மண்டையோடு, ஒரு நரி. நடுச்சிதையில் ஒரு கால் விறகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்துங்கலே, மேல ஏத்துங்க!" என்று தவசிமுத்து கத்தினார். கயிறு உருளையில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "நான் அப்பவே சொல்லல நைனா?" என்று அப்பாவு சட்னிக் கையோடு ஓடிவந்தார். தெருவில் போன மாட்டுவண்டிக்காரர்கள் மட்டும் தர்பாரை ரசித்துக்கொண்டு போனார்கள்.

(நீங்கள் சந்தேகப்படுவது தெரியும். மாப்பிள்ளையைப் பிடிக்காமல் அவளே செய்த வேலை என்று ஒரு பிரதியில் எழுதியும் பார்த்தேன். நல்ல திருப்பம்தான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று நாள் ஜெயக்கொடி என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. கிழித்துவிட்டேன்.)

5

இப்போது தங்கபுஷ்பம். வெள்ளத்துரையின் அத்தை. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். முதல் பிரதியில் அவளுக்கு பிதுங்கிய கண்ணும், பாம்பு மாதிரி மூச்சும் கொடுத்திருந்தேன். அவள் என்ன பாவம் செய்தாள்? எடுத்துவிட்டேன்.

அவள் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கைம்பெண் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். (அன்றைய என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.) படுதாவைப் பார்த்ததும் அவளுக்கு வழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. நேரே மணவறைக்கு வந்துவிட்டாள்.

"எந்திரில வெள்ளத்துரை! இந்தக் கல்யாணம் வேண்டாம்!"

சுடுகாட்டைப் பார்த்துப் பதறிய கூட்டம் இப்போது அத்தையைப் பார்த்துப் பதறியது. எந்த அபசகுனத்தை முதலில் விரட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை.

அத்தை சொல்லை ஒருநாளும் தட்டாதவன் வெள்ளத்துரை. அவன் எழுந்தால் அவ்வளவுதான். மணவறையில் நின்றுபோன கல்யாணம், அதுவும் பெண்ணே கேட்டு வாங்கிய படுதாவால். அவன் திரும்பிப் படுதாவை நிதானமாகப் பார்த்தான். பிறகு ஜெயக்கொடியிடம் மெதுவாக, "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்" என்றான்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. இவனை விடவே கூடாது என்று நினைத்தாள்.

"அத்தை" என்றாள். "உங்க கல்யாணத்துக்கு என்ன கட்டியிருந்தாவ?"

"எனக்கா?" தங்கபுஷ்பத்திடம் முப்பது வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. "எங்கய்யா ஒரு குறையும் வைக்கல. வாசல்ல ரெண்டு குலைவாழ. நிறைகுடம். பந்தல் முழுக்க வெள்ளத் துணி கட்டி, மாவெல கட்டி, நாள் பாத்து, நேரம் பாத்து… ஒருத்தர் தும்மல, தெரியுமா? எல்லாம் பாத்துப் பாத்து… பதினோராம் மாசம் அவிய…"

அந்த வாக்கியத்தை நடுவில் விட்டது நான் இல்லை.

தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு உறைத்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூட்டைகளின் பக்கம் திரும்பினாள். ஜெயக்கொடி எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போறிய? இங்கனயே நில்லுங்க. எனக்குப் பக்கத்துல."

6

முடிவு மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்று: வெள்ளத்துரை எழுந்துபோகிறான். எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு: கயிறு விடுபடுகிறது, அப்பாவு படுதாவைத் திருப்புகிறார், தர்பார் ஜொலிக்கிறது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சினிமாக்காரர்கள் வந்தால் கொடுத்துவிடலாம்.

மூன்று: "ஐயர் தாலியை எடுத்து"

அதற்கு மேல் ஓடவில்லை. ஏனென்றால், தாலி வெள்ளத்துரை கையில் இருக்கிறது. நல்ல நேரம் முடிய மூன்று நிமிஷம். அத்தையின் ஒரு கால் மணவறையில், ஒரு கால் தரையில். கையை அவள் உருவிக்கொள்ளவும் இல்லை, ஏறி நிற்கவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை, நடக்கட்டும் என்று சொல்லவும் ஆளில்லை. இருநூறு பேரும் அட்சதையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

உங்கள் கையிலும்தான் இருக்கிறது, பாருங்கள். இத்தனை நேரம் சும்மா வேடிக்கை பார்க்கவா உட்காரவைத்தேன்? போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடுவதானால் கொஞ்சம் பலமாகவே வீசுங்கள், அத்தை மேலேயும் விழட்டும்.