இருபது அடி பின்னால்

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை அவளுக்கு. பதினொரு வருஷம் அதே வேலைதான். ஏறும்போது தலையை எண்ணுவாள், இறங்கும்போது கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விடுவாள். பிள்ளைகளை விடுங்கள், ஒரு தண்ணீர் பாட்டில்கூட அவள் வேனில் தொலைந்தது கிடையாது.

அந்தப் பள்ளியை நடத்துகிறவர்களுக்கு வெளிநாட்டில் ஓர் இல்லம் இருந்தது. மாற்றுத்திறனாளிகளான பெரியவர்கள் பதினாலு பேர் சேர்ந்து வாழும் வீடு. வருஷத்துக்கு ஒருவர் இங்கிருந்து போய் அங்கே தொண்டு செய்யலாம். டீச்சர்மார் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவியபோது, வேன் ஆயா கையைத் தூக்கினாள்.

"சம்பளமில்லாம வேலை பாக்க பிளேன் ஏறிப் போறவள இப்பத்தான் பாக்கறேன்," என்று நாத்தனார் முகவாயில் கைவைத்தாள். தண்ணீர் லாரி ஓட்டும் கணவர் மட்டும், அங்கேயாவது யாரையாவது விரட்டிக்கொண்டு இருப்பாள், நமக்கு ஒரு வருஷம் லீவு என்று சிரித்தபடி பெட்டியைத் தூக்கி வைத்தார்.

போன இடத்தில் பாஷை பாதிதான் பிடிபட்டது. அவர்கள் பேசியதை நம் பேச்சிலேயே சொல்லிவிடலாம், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த வீட்டுச் சட்டம் ஒன்று அவளை முதல் வாரமே பாடாய்ப் படுத்தியது. ஒருவர் தானே செய்யக்கூடியதை அடுத்தவர் செய்துவிடக் கூடாது. சட்டைப் பொத்தான் போட ஒருவருக்கு இருபது நிமிஷம் ஆகிறதென்றால், ஆகட்டும் என்று நிற்க வேண்டும். அவளுக்கோ கை பரபரவென்று அரிக்கும். சமையல்கட்டில் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

அங்கே முப்பத்தெட்டு வயசில் ஒருவர் இருந்தார். இடது கால் இழுக்கும். எண்கள் தெரியும், எழுத்து ஏறாது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க நேரமெடுக்கும், ஆனால் முடிக்காமல் விடமாட்டார். டிவியில் யார் எதைப் பார்ப்பது, யார் பிஸ்கட்டை யார் தின்றது என்று எந்த வழக்கானாலும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவள் அவருக்கு நாட்டாமை என்று பேர் வைத்து, அர்த்தத்தையும் சொன்னாள். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, பொருத்தமான பேர்தான் என்று அதற்கும் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து வீடு முழுக்க அதே பேர். அவளை எல்லாரும் அக்கா என்றார்கள்.

நாட்டாமை ஒரு சலவை நிலையத்தில் துண்டு மடிக்கும் வேலைக்குப் பழகிக்கொண்டிருந்தார். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறோம், ஆனால் காலை ஏழு மணிக்குத் தானாக வந்து சேர வேண்டும், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றுவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். இல்லத்தில் அதற்கொரு முறை வைத்திருந்தார்கள். மூன்று தடவை அவர் தனியாகப் போக வேண்டும். இருபது அடி பின்னால் ஒருவர் தொடர்ந்து போவார். பேசக் கூடாது, உதவக் கூடாது, உயிருக்கு ஆபத்தென்றால்தான் கிட்டே போகலாம். போய்ச் சேர்ந்ததும், வழி நெடுகப் பார்த்தேன் என்று பின்னால் போனவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

தொடர்ந்து போகிற வேலை அக்காவிடம் வந்தது. முதல் தடவையே பாழாக்கினாள். நடுவழியில் நாட்டாமையின் ஷூ கயிறு அவிழ்ந்தது. அவள் கால் தானாக ஓடியது, கை தானாக முடிச்சுப் போட்டது. நாட்டாமை குனிந்து பார்த்துவிட்டு, "கெடுத்துட்டீங்களே அக்கா," என்றார். அந்தத் தடவை கணக்கில் வரவில்லை. அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த இரண்டு தடவையும் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். அவை தேறின. மூன்றாவதற்கு மிச்சமிருந்தது மாதத்தின் கடைசி நாள் ஒன்றுதான்.

அன்று காலை பஸ்ஸில் நாட்டாமை முன்கதவருகே உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்றாள். பெட்ரோல் பங்க் பக்கத்தில் பஸ் நின்றது. தண்ணீர்க் குழாய் உடைந்து முன்னே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் எழுந்து என்னவோ சொன்னார். பத்துப் பேர் இறங்கினார்கள், நாட்டாமையும் இறங்கினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைப் பார்த்துப் பாய்ந்தாள், குறுக்கே ஒரு குழந்தை வண்டி. அதை நகர்த்துவதற்குள் கதவு மூடிவிட்டது. பஸ் வேறு தெருவில் திரும்பியது. கண்ணாடி வழியே நாட்டாமையின் முதுகு தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினாள். பெட்ரோல் பங்க் அருகே நாட்டாமை இல்லை. அவள் கைபேசி இல்லத்து அறையில் சார்ஜில் கிடந்தது. சரி, சலவை நிலையத்துக்கே போய்விடலாம் என்று நாலு அடி வைத்தவள், அப்படியே நின்றாள். எந்தப் பக்கம்? இரண்டு தடவை முழுசாகப் போய்வந்தும் அவள் பாதையைப் பார்த்ததே இல்லை. அவர் பிடரியையும் ஷூ கயிற்றையும் மட்டுமே பார்த்திருந்தாள்.

பாதிப் பாஷையில் வழி கேட்டு, தப்பான பஸ்ஸில் ஏறி, இறங்கி, ஒரு மருந்துக்கடை முன்னால் ஆறாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, அவள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. மூச்சு வாங்க உள்ளே எட்டிப் பார்த்தாள். நாட்டாமை நீளமான மேஜையில் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். மார்பளவு உயரத்துக்கு இரண்டு அடுக்கு முடிந்திருந்தது.

"இதுதான் வர்ற நேரமா?" என்றார், தலை நிமிராமல்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. ஏழு ஐந்துக்கே வந்துவிட்டார், ஐந்து நிமிஷம் ஏன் பிந்தியது என்று எனக்குக் கால் மணி நேரம் விளக்கம் வேறு என்று மேற்பார்வைக்காரி சலித்துக்கொண்டாள்.

சாயங்காலம் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா தாளை எடுத்து வைத்தார். வழி நெடுக உங்கள் கண்ணில் இருந்தாரா என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்துக்கு இடம். நாட்டாமை எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவளுக்குப் பேனா ஓடவில்லை. மனுஷர் நிஜமாகவே தனியாகப் போயிருக்கிறார், யாரும் பின்தொடராமல் போயிருக்கிறார். அதைப் பொய்யாக எழுதினால் அது அவருக்குச் செய்த உதவியா, அவமரியாதையா?

"இல்லீங்க," என்றாள். "பாதியில விட்டுட்டேன். நான் பாக்கல."

பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பார்த்தவர் இல்லையென்றால் இது செல்லாது என்று சொல்லும்போது அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. பிறகு நாட்டாமை தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா தொலைஞ்சு போனாங்க. நான் தொலையல."

நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, வழியைச் சொன்னார். ஆறாம் நம்பர் வேண்டியவர்கள் இறங்கி நடங்கள் என்று டிரைவர் சொன்னது. மஞ்சள் கோட்டுப் போட்ட சாலைப் பணியாளரிடம் வழி கேட்டது. ஒருவர் சொன்னால் போதுமா, இரண்டு சாட்சி வேண்டாமா? ஆகவே பால் வண்டிக்காரரிடமும் கேட்டது. இரண்டு பேரும் ஒரே திசையைக் காட்டிய பிறகுதான் காலை எடுத்து வைத்தது.

"ஆறாம் நம்பர் எப்பவும் பெரிய ஸ்டாப்புல நிக்கும். இன்னிக்கு அங்க இல்ல. மருந்துக்கடை முன்னால நின்னுச்சு."

"ஆமாங்க," என்றாள் அக்கா, எழுந்தே நின்றுவிட்டாள். "மருந்துக்கடை முன்னாலதான். அதக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரமாச்சு. இவரு எத்தன நிமிஷத்துல ஏறினாருன்னு கேளுங்க."

பொறுப்பாளர் அம்மா கேட்கவில்லை. சலவை நிலையத்துக்குப் போன் போட்டு வந்த நேரத்தை மட்டும் விசாரித்தார். பிறகு அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தன் கையால் எழுதி, சத்தமாகவே படித்தார்: பின்தொடர்ந்தவர் வழி தவறினார். இவர் போய்ச் சேர்ந்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். நாட்டாமை தாளை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, சரிதான் என்று தலையசைத்தார்.

அன்று கணவரிடம் போனில் ஒரே ஆர்ப்பாட்டம். நீ காணாமல் போனதையா இவ்வளவு பெருமையாகச் சொல்கிறாய் என்று அவர் கேட்டார். ஆமாம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாட்டாமை தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் வாசல்வரை வந்தாள். பத்தடி போனவர் நின்று திரும்பினார்.

"அக்கா, உள்ள போங்க."

"நான் சும்மாதான் நிக்கறேன்."

"நின்னா வருவீங்க. உள்ள போங்க."

போனாள். சாப்பாட்டு மேஜையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, நாட்டாமை எங்கே, பிஸ்கட் விஷயமாக ஒரு வழக்கு இருக்கிறதே என்றார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"வேலைக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வருவாரு."