பெரிய படகையே எடுத்தாள்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. ஆனால் மகன் படகு வேண்டுமென்று ஆசைப்பட்டுவிட்டான். உடம்பின் தசைகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும் நோய் அவனுக்கு. சக்கர நாற்காலிக்கு வந்தபிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதே அவன் வேலை. தகப்பன் இல்லாத பிள்ளை, வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. கேட்டது இந்தப் படகு ஒன்றுதான்.

ஏரிக்கரைக் கடையில் மிதவைப் படகுகள் இரண்டு நின்றன. நீளமான உலோக உருளைகளின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, சோபா மாதிரி இருக்கைகள். சின்னதில் நாலு பேர் நெருக்கி உட்காரலாம். பெரியதில் ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஏற்றலாம் போலிருந்தது.

கடைக்காரர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரியதின் கதவைத் திறந்தார். "இதுல அப்படியே உருட்டிக்கிட்டு ஏறிடலாம். சின்னதுல கதவு குறுகல், நாற்காலி நுழையாது."

"அப்ப பெருசையே குடுங்க."

"சின்னது போதும்மா," என்றான் மகன்.

"எப்படிடா ஏறுவ, பறந்தா?"

"லீவுக்கு மாமா வருவாருல்ல, அவரு தூக்கி வச்சிடுவாரு. நான் என்ன கனமா கனக்குறேன்? பஞ்சு மூட்டை மாதிரிதானே இருக்கேன்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கடைக்காரர் நகரும்வரை காத்திருந்தான்.

"பெருச காத்து இழுத்துக்கிட்டுப் போயிடும்மா. கரையில கட்டவே ரெண்டு பேர் வேணும். சின்னதுன்னா நீ ஒருத்தியே பாத்துக்கலாம். அப்புறமா..."

"வாய மூடுடா!" என்று அவள் போட்ட கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. "என்ன பேச்சு இது? இன்னொரு தரம் இப்படிப் பேசின, பாத்துக்க!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பெரிய படகையே எடுத்தாள்.

அந்தக் கோடையில் விடுமுறைக்கு விடுமுறை அவள் அண்ணன் வந்தார். மகன் முன்பக்கம் காற்றைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கரை நெருங்கும்போது அவள் தன்னையறியாமல் காலால் பிரேக்கைத் தேடுவாள். "அம்மா, இது பஸ் இல்ல!" என்று அவன் இருமல் வரும்வரை சிரிப்பான். பார்த்தாயா, நான் எடுத்த முடிவுதான் சரி என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. 'அப்புறமா' என்ற பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை. மறந்துவிட்டான் என்றே நினைத்தாள்.

குளிர் தொடங்கியதும் அவன் நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனைக்குப் போனவன் திரும்பவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் தனியாகப் படகை எடுத்தாள். திரும்பும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. படகு ஒருமுறை படகுத்துறையில் மோதியது, மறுமுறை விலகியோடியது. கயிற்றை வீசினால் பிடிக்க ஆளில்லை. யாரோ இரண்டு மீன்பிடிக்காரர்கள் வந்து இழுத்துக் கட்டினார்கள். "பாத்தும்மா," என்றார்கள். அவள் கயிறு அறுத்த உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றாள்.

செய்தி தெரிந்து அண்ணன் வந்தார். இருவரும் துறையின் பலகையில் உட்கார்ந்தார்கள்.

"இத வித்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கிக்கயேன்."

"வேணாம்ண்ணே. வித்துடு, அது போதும்." பிறகு கேட்டாள்: "உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். "உன்னப் பாத்துக்கச் சொன்னான்."

"வேற?"

"விடேன்."

"சொல்லுண்ணே."

"பயமா இருக்குன்னான். உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டேன்னான். போன கோடையில ஒருநாள், நீ அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கிட்டு இருந்த."

அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் முதுகில் கை வைத்தார். பொழுது சாயும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.