இறங்கிக்கொண்டே வந்த சீட்

கப்பலில் வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொண்ட தையல்காரியின் வீட்டுக்கு ஒரு சைக்கிள் உதிரி உதிரியாக வந்து சேர்ந்தது. ஒரு துறைமுகத்திலிருந்து பிரேம், இன்னொன்றிலிருந்து சக்கரங்கள், வேறெங்கிருந்தோ ஹேண்டில்பாரும் சீட்டும். பிரேம் முழுக்கக் கார்பன் இழை. ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம், அத்தனை லேசு. லீவில் வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து பூட்டுவதாகப் பேச்சு. லீவுதான் வரவில்லை. "எனக்குப் பதிலா வர வேண்டியவன் வரலம்மா, அடுத்த துறைமுகத்துல பாக்கலாம்" என்பான் போனில். தைக்க வந்த துணி மூட்டைகளுக்கு நடுவே பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன.

அவனுடைய அக்காவும் அதே வீட்டில்தான். பஸ் கண்டக்டர். வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, பெட்டியெல்லாம் அடைகாத்தா குஞ்சு பொரிக்குமா?"

"அவர் வரட்டும்க்கா."

"வந்துட்டாலும்! ஏறும்போது வாய் கிழியப் பேசுவான். எங்க இறங்குவேன்னு மட்டும் சொல்ல மாட்டான் என் தம்பி."

அடுத்த துறைமுகமும் போனது. அன்று மதியமே அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டிகளைப் பிரித்தாள்.

சிக்னல் கிடைத்தபோதெல்லாம் அவன் போனில் சொல்லிக்கொடுத்தான். பிரேக் கம்பியைப் பிரேமின் உள்ளே நுழைக்க அவன் யோசனை சொல்வதற்குள், இடுப்புப்பட்டிக்குள் நாடா கோக்கிற மாதிரி நூலைக் கட்டி இழுத்துவிட்டாள். "அடிப்பாவி, கடையில இதுக்குத் தனியா கருவி வச்சிருக்கான்!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு கம்பி இருக்கக்கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

கடைசியில் சீட். அவன் கால் அளவு அவளுக்கு மனப்பாடம். எத்தனை கால்சட்டை தைத்திருப்பாள். அந்த உயரத்துக்கே சீட்டின் தண்டை நிறுத்தி முடுக்கினாள். ஏறி உட்கார்ந்தால் பெடல் எட்டவில்லை. எட்டாதது பிடித்திருந்தது. அவன் இருக்க வேண்டிய இடம் அது. தினமும் வேலை முடிந்ததும் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து, கால் தொங்க அதில் உட்கார்ந்து போனுக்குக் காத்திருப்பாள்.

ஒருநாள் கட்டைவிரல் பெடலைத் தொட்டது. அடுத்த நாள் பாதமே தொட்டது.

"அக்கா, சீட்டு இறங்குதுக்கா!"

"அதுக்காவது உன் மேல இரக்கம் இருக்கே! அவன் வரமாட்டான், நீயே ஓட்டிக்கோன்னு குனிஞ்சு குடுக்குது பாரு."

ஏற்றி வைத்தாள். மறுபடி இறங்கியது. போன் வந்ததும் சொன்னாள். அவன் கேட்டான்:

"தண்டுல என்ன போட்ட?"

"மிஷின் எண்ணெய்தான். எண்ணெய் விடாம எதைங்க பூட்டுவாங்க?"

"ஐயோ! கார்பனுக்கு எண்ணெயே ஆகாது, வழுக்கும். சீட்டுப் பெட்டியில சின்னதா ஒரு பசை பாக்கெட் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. உள்ள மணல் விழுந்து கெட்டுப்போயிருக்கேன்னு தூக்கி ஓரமா வச்சுட்டேன்."

"அந்த மணல்தாம்மா பிடிமானம்!" சிரித்து முடித்தபின் அவன் குரல் தணிந்தது. "இன்னொன்னு சொல்லணும். கப்பலை வேற பக்கம் திருப்பிட்டாங்க. இப்போதைக்கு…"

"சரி," என்றாள் அவள். "வைங்க. நான் அதைத் துடைக்கிறேன்."

எண்ணெய் போகத் துடைத்து, நறநறவென்ற அந்தப் பசையைத் தண்டில் தடவினாள். எந்த உயரத்தில் முடுக்குவது? அவன் அளவுக்கு ஏற்றிப் பிடித்தாள். பிடித்த கை வலிக்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு மெல்ல இறக்கி, தன் கால் அளவில் நிறுத்தி முடுக்கினாள். அசையவில்லை.

மறுநாள் மாலை அவன் கூப்பிட்டபோது தெருவில் இருந்தாள். பின்னால் அக்கா சீட்டைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து வச்சேன்னா அவனுக்கு யாரு பதில் சொல்றது!" என்று கத்தினாள்.

"எங்க வச்சு முடுக்கின?" என்றான் அவன்.

"என் காலுக்கு."

"கோவமா?"

"கோவம்னா பெட்டியிலயே போட்டிருப்பேன். நீங்க வந்து ஏத்திக்குங்க. அதுவரைக்கும் நான் எத்தனை நாள்தான் காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கிறது?"

"நான் அதோட சத்தத்தைக் கூடக் கேட்டதில்லம்மா," என்றான். "மிதிக்கிறதை நிறுத்தினா பின் சக்கரம் பேசுமாம்."

போனை ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தாள். அக்காவின் பிடி விட்டுப்போனது. தெரு சரியும் இடத்தில் கால்களை நிறுத்தினாள். கிர்ரென்று சக்கரம் பேசத் தொடங்கியது, சரிவு முடியும்வரை.

"கேட்டுச்சாங்க?"

"இன்னொரு தடவை."

"மேடுங்க. ஏறணும்."

"ஏறு. நான் இருக்கேன்."

மேட்டில் மிதிக்கும்போது சக்கரம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அவள் மூச்சு வாங்குவதை மட்டும் அங்கே ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.