பொத்தான் போட்ட பை

பொத்தானையும் போட்டான். அதுதான் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டதையாவது மறந்துவிடலாம். மேல் மடிப்பை இழுத்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி மூடி, மூடிக்கொண்டதா என்று ஒருமுறை தட்டியும் பார்த்தான். எதிரே அடிபட்ட எல்க் மான் நடந்துகொண்டிருந்தது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

எல்க்கின் தொடையிறைச்சியிலிருந்து வெள்ளைச் சவ்வை உரித்துக்கொண்டே மார்னா இதை நினைத்தாள். சமையலறை மேசை முழுவதும் இறைச்சி. எதிரே அவள் கணவன் ஆர்லன், நல்ல கையால் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் டூவி, தொப்பியைக் கழற்றாமல் காப்பி குடித்தான். டூவி கைத்துப்பாக்கி வேட்டைக்காரர் சங்கத்தின் செயலாளர். மிளகுக் குடுவையின் அடியில் கிடந்த படிவம் அவன் கொண்டுவந்தது.

"மார்னா, ஒரே ஒரு கையெழுத்து. பேனாகூட நானே கொண்டாந்திருக்கேன்."

"கை பூரா ரத்தம் டூவி."

"ரத்தத்துலயே போடேன், இன்னும் எடுப்பா இருக்கும்." ஆர்லன் பக்கம் திரும்பினான். "தீவனக் கடையில உன் துப்பாக்கிக்கு என்ன பேர் வச்சிருக்கானுங்க தெரியுமா? கோவேறு கழுதை. ரைபிளும் இல்ல, கைத்துப்பாக்கியும் இல்ல, ரெண்டுக்கும் பொறந்ததாம்."

"மலை ஏறுறது கோவேறு கழுதைதான்டா. அவனுங்க குதிரையெல்லாம் பாதி வழியில மூச்சு வாங்கும்."

டூவி மேசையைத் தட்டிச் சிரித்தான். மார்னாவும் சிரித்தாள். ஆர்லன் இப்படிப் பேசுவதை அவள் நான்கு வருடங்களாகக் கேட்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு வைக்கோல் கட்டும் இயந்திரம் அவன் வலது தோளைப் பிடித்து இழுத்தது. கை பிழைத்தது. தோளில் ரைபிளை முட்டுக்கொடுக்க இனி முடியாது என்று மருத்துவர் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஆர்லன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். வசந்தத்தில் இந்தக் கைத்துப்பாக்கி வந்தது. ஒரு முழ நீளக் குழல், அதன் வாயில் அவள் சுண்டுவிரல் நுழையும். ரைபிளில் போடுகிற பெரிய தோட்டாவை அதே அளவில் தின்னும், ஒரு நேரத்துக்கு ஒன்று. சுட்டதும் நடுவில் மடித்துத் திறந்து, வெற்றுக் கூட்டை விரலால் உருவி எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும்.

அதை வேடிக்கைப் பொருள் என்று மார்னா ஒருபோதும் நினைத்ததில்லை. அதன் உதை உள்ளங்கையில் வாங்கிப் பழகக்கூடியது, தோள்வரை ஏறாது. கவைக்குச்சியில் சாத்திவைத்துச் சுட்டால் நூறு கஜத்தில் காப்பிக் கோப்பை மூடிக்குள் மூன்று தோட்டாக்களை இறக்குவான். முதல் மாதம் அதன் தொலைநோக்கி அவன் நெற்றியைக் கிழித்தது. அந்தத் தழும்பு அவன் முகத்துக்குப் பொருந்திவிட்டது என்றுகூட அவளுக்குத் தோன்றும்.

தோட்டாக்களை அவனே கொட்டகையில் நிரப்புவான். அதனால் கூடுகள் தொலையக் கூடாது. ஐம்பது குழிகள் உள்ள பெட்டி, ஐம்பது பித்தளைக் கூடுகள். சுடுமிடத்தில் ஒவ்வொரு முறையும் அதே வரிசை: சுடு, திற, கூட்டை எடு, சட்டைப்பையில் போடு, பொத்தானை மூடு, அடுத்தது. புல்லில் விழுந்தால் தேட வேண்டுமே. நான்கு வருடங்கள் கை அதையே செய்தது. அவளும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அதில் ஒரு தவறும் அவள் கண்ணுக்குப் படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, தொண்ணூறு கஜத்தில் ஒரு ஆண் எல்க் நின்றது. விசை அழுந்திய நொடியில் அது ஓர் அடி முன்னால் எடுத்துவைத்தது. தோட்டா நெஞ்சைத் தாண்டி வயிற்றில் பாய்ந்தது. அது முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல மரங்களை நோக்கி நடந்தது. இன்னொரு தோட்டாவுக்குப் போதிய நேரம் இருந்தது. அது ஆர்லனின் இடது கை விரலிடுக்கில் தயாராகவும் இருந்தது. மார்னா திரும்பிப் பார்த்தாள். அவன் பொத்தானை மூடிக்கொண்டிருந்தான். அவள் தன் ரைபிளைத் தூக்கிச் சுட்டாள். அது விழுந்தது.

முதலில் ரத்தம் காட்டியவனுக்கே விலங்கு. அந்தப் பள்ளத்தாக்கில் அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. அதனால் எல்க் ஆர்லனுடையது. அதில் அவளுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

"என்ன போட்டிருக்கு அதுல?" என்றாள்.

டூவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். "'மேற்கண்ட விலங்கு கைத்துப்பாக்கியால் மட்டுமே வீழ்த்தப்பட்டது, வேறெந்த ஆயுதமும் பயன்படுத்தப்படவில்லை என்பதை நேரில் கண்டேன்.' அவ்ளோதான். கீழ உன் பேரு. வசந்த விருந்துல இவன் பேரு பலகையில ஏறும்."

ஆர்லன் கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "டூவி, கறி சுத்துற காகிதம் தீந்துருச்சு. உன் வண்டியில ஒரு சுருள் இருக்குன்னியே?"

"புருஷன் பொண்டாட்டி தனியாப் பேசணும்னா நேராச் சொல்லேன்டா," என்று சொல்லிக்கொண்டே டூவி வெளியே போனான்.

கதவு சாத்தியதும் ஆர்லன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"முதல் ரத்தம் என்னுது மார்னா."

"ஆமா, உன்னுதுதான்."

"நீ சுடலன்னாலும் அது விழுந்திருக்கும். நான் ரெண்டாவதைப் போட்டுட்டே இருந்தேன்."

அவள் அடுத்த துண்டை இழுத்துச் சவ்வை உரித்தாள்.

"இது மட்டும் ஆயிட்டா, அடுத்த வருஷம் உன்னை இழுத்துட்டு அலைய மாட்டேன். வடக்கு ஓடைக்கு நான் மட்டும் போய்க்குவேன். எனக்குத் துணைக்கு ஆள் வேணும்னு எவனும் சொல்ல முடியாது."

வடக்கு ஓடை கரடிகள் இறங்குகிற இடம். எல்க்கை அறுக்கும்போது வாசனை பிடித்துக்கொண்டு வரும்; வந்தால் பொத்தான் போட நேரம் இருக்காது. மார்னா கையைத் துணியில் துடைத்தாள். கையெழுத்துப் போட்டால் இந்தக் குளிர்காலம் அவன் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டான். அது அவளுக்கு வேண்டும், மிகவும் வேண்டும். போடாவிட்டால் அவன் முகம் எப்படி ஆகும் என்றும் தெரியும். இரண்டையும் ஐந்து நாட்களாக மனத்துக்குள் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

எழுந்து போய்க் கரண்டிகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பித்தளைக் கூட்டை எடுத்துவந்து படிவத்தின் மேல் நிறுத்திவைத்தாள்.

ஆர்லன் குனிந்து பார்த்தான். "இது பனியில விழுந்துபோச்சுன்னு நினைச்சேன். பெட்டியில ஒரு குழி காலியா இருக்கு. எங்க கிடைச்சுது?"

"உன் சட்டையைத் துவைக்கப் போட்டப்போ. பையில இருந்துச்சு."

"பையிலயா?"

"பொத்தான் போட்டிருந்துச்சு."

அவன் கை தானாக நெஞ்சுக்குப் போனது. விரல்கள் பையின் மடிப்பைத் தொட்டன, கட்டைவிரல் பொத்தானில் நின்றது.

"நான் அப்படிப் பண்ணதா ஞாபகமே இல்ல," என்றான்.

"தெரியும்."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த."

வெளியே வண்டிக் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது. ஆர்லன் கூட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். "பழக்கம்தானே. மாத்திக்கலாம். கூட்டைக் கீழ விட்டுட்டு சுடப் பழகிக்கலாம்."

"பழகு. நான் கூட வர்றேன். என்னோட ரைபிளும் வரும்."

"இந்த ஒரு தடவை போடேன் மார்னா. வெறும் காகிதம்."

"நான் சுட்டதையும் எழுதச் சொல்லு, போடறேன்."

"அதுக்கு இதுல இடமே கிடையாது."

"அப்ப எனக்கும் இதுல இடம் இல்ல, ஆர்லன்."

டூவி சுருளைத் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே வந்தான். "போட்டாச்சா?"

ஆர்லன் அவளைப் பார்த்தான். மார்னா பேனாவை மூடி டூவியின் சட்டைப்பையில் செருகினாள்.

"இல்ல டூவி, நான் போடல," என்றாள். அவனிடமிருந்து சுருளை வாங்கி, ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் கிழித்து மேசையில் விரித்தாள்.