சைக்கிள்காரன் நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு பூவராகவன் பஸ்ஸை எடுத்தார். கம்ப்யூட்டரில்தான். வாரத்தில் ஆறு நாள் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிற மனுஷன், ஏழாவது நாளும் மகளுடைய மேஜை முன்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பஸ்தான் ஓட்டுவார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவர் மனைவி ஜெயப்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்து அலுத்தே போய்விட்டது. "அந்தப் பொட்டிக்காரன் பேட்டா குடுக்கிறானா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள். செவிலிமேட்டில் புதிதாகக் கட்டின வீடு அது. வெளியே வெயில் கொளுத்தியது. மகள் சந்தியா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இன்றைக்கு என்னவோ பெரிய வேடிக்கை காட்டப் போகிறவள் மாதிரி பக்கத்தில் வந்து நின்றாள்.

காட்டப் போவதும் வேடிக்கைதான். ஏனாத்தூரில் கடைசி வருஷம் படிக்கிற பெண், இன்டர்ன்ஷிப்பில் வந்த பணத்தையெல்லாம் கொண்டுபோய்ப் கம்ப்யூட்டர் படத்தை அசலாகக் காட்டுகிற புது கிராபிக்ஸ் கார்டு ஒன்றில் போட்டிருந்தாள். அதைப் பெட்டிக்குள் மாட்டிய நாளிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வாக்குவாதம்.

"இன்னாத்துக்குமா இது? பழசுல பஸ் ஓடலையா, ரோடு தெரியலையா?"

"அது சும்மா படம்ப்பா. இதுல வெளிச்சம் நிஜம் மாதிரியே வரும். ஹெட்லைட் எங்க படுதோ அங்கதான் பளிச்சுன்னு இருக்கும். மத்ததெல்லாம் நிஜ இருட்டு."

"நிஜ இருட்டைத்தான் தெனம் காலைல நாலு மணிக்குப் பார்த்துக்கினு இருக்கேனே. அதைக் காசு குடுத்து வேற வாங்கணுமா?"

விளையாட்டு அதே பழைய விளையாட்டு. ரோடும் அதே மலை ரோடு. இரண்டு வருஷமாக அதில் ராத்திரி டிரிப் அடித்து ஒரு கீறல்கூட விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் என்றால் சும்மாவா என்று தெருவில் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். ஆனால் பழைய கார்டில் ராத்திரி என்பது நீலச் சாயத்தில் முக்கி எடுத்த பகல். ஆடு, மாடு, மைல்கல் எல்லாம் அந்த நீலத்தில் தெளிவாக நிற்கும். அதை அவர் யோசித்ததே இல்லை. இன்றைக்குப் புது வெளிச்சத்தில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஓர் ஆட்டை அடித்தார். "சரி, பழகணும்ல" என்றார். அடுத்து ஒரு மைல்கல். மூன்றாவதாக ஒரு சைக்கிள்காரன். டமாலென்று சத்தம் வந்து பஸ் நின்றது.

"எங்கிருந்துமா வந்தான் இவன்? திடீர்னு உள்ள உட்டான் பாரு. இந்த கார்டே சரியில்ல, திருப்பிக் குடுத்துடு." தப்பு எப்போதும் எதிரில் வருகிறவனுடையதுதான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

"திடீர்னுலாம் இல்லப்பா. வளைவு திரும்பும்போதே ஓரமா நின்னுக்கினுதான் இருந்தான். கை வேற காட்டினான்."

"சும்மா அடிச்சு விடாத."

சந்தியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நடந்ததைப் பின்னால் ஓட்டி, பஸ் வளைவைத் தாண்டுகிற இடத்தில் அப்படியே நிறுத்தினாள். "இதோ பாருங்க, இங்க." விரலைத் திரையில் வைத்தாள். பூவராகவன் பார்த்தார். மகளுடைய விரல் தெரிந்தது. நகத்தில் பாதி உரிந்துபோன சிவப்புப் பாலிஷ் தெரிந்தது. விரலுக்குப் பின்னால் கருப்பு. சந்தியா என்னவோ தட்டிப் புது வெளிச்சத்தை அணைத்தாள். நீல ராத்திரி வந்தது, அதில் சைக்கிள்காரன் வெள்ளைச் சட்டையோடு நின்றான். மறுபடி தட்டினாள். அவன் போய்விட்டான். ஆன், ஆஃப், ஆன். யூடியூபில் கார்டு விமர்சனம் செய்கிறவர்கள் இப்படித்தான் மாற்றி மாற்றிக் காட்டி எது அழகு என்று கேட்பார்களாம். அவருக்கு அழகெல்லாம் தெரியவில்லை. ஒன்றில் ஆள் இருந்தான், ஒன்றில் இல்லை.

"ஆன்ல இருக்கும்போது எங்கமா இருக்கான்? அவனை எடுத்துடுது இது."

சந்தியா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் குரல் மாறிவிட்டது. "அம்மா, இங்க கொஞ்சம் வாயேன். இதுல இன்னா தெரியுது, சொல்லு."

ஜெயப்ரியா சமையலறை வாசலிலேயே நின்று, கையைப் புடவையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். "இன்னாத்த சொல்றது? எவனோ சைக்கிளை நிறுத்திக்கினு நிக்கிறான். ஓரமா முள்ளுச்செடி. ஏன், பரீட்சையா?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது.

பூவராகவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். அவருக்குத் தெரியாத விஷயமா இது? தெரியும். வாலாஜாபாத் தாண்டித் தென்னேரிக்குள் போய், ஏரிக்கரை மேலேயே வண்டியைக் கொண்டுபோகிற அந்த ரூட் அவருக்குப் பாடம். பள்ளம் எங்கே, திருப்பம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கொஞ்ச நாளாக ஏறக்குறைய அப்படித்தான் ஓட்டிக்கொண்டும் இருந்தார். எதிரே ஒரு லாரி வந்து போனால் அப்புறம் பத்து எண்ணுகிற வரைக்கும் எல்லாம் ஒரே கருப்பு. சுகர் இருக்கிறவனுக்கு விடிகாலையில் கண் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டார். முன் சீட்டில் உட்காருகிற மேரி என்ற பெண் மட்டும் தூங்கமாட்டாள். போன வியாழக்கிழமை ஏரிக்கரையில் "அண்ணா... அண்ணா!" என்று அவள் கத்திய கத்தலில்தான் பிரேக் அடித்தார். லைட் இல்லாத மொபெட் ஒன்று பம்பரை உரசாத குறையாக ஒதுங்கியது. "பார்த்தேன்மா, பார்த்தேன்" என்று சொன்னார். பார்க்கவில்லை. பின்னால் நாற்பத்திரண்டு பெண்கள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர்.

வாயைத் திறந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பகல் வண்டி கொடுங்கள் என்று கேட்டால், ஏன் என்று கேட்பார்கள். பஸ் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமைகூட அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்.

"அப்பா, நாளைக்கு லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா. நானும் வரேன்." சந்தியா பழைய வெளிச்சத்துக்கு மாற்றக் கையை நீட்டினாள்.

"வுடுமா. ஆன்லயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் வேல்முருகனுக்குப் போட்டார். காய்ச்சல் என்று சொன்னால் ஒரு நாள் ஓடும். இரண்டு நாள் ஓடும். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்து இழுத்துத் திரைக்குக் கிட்டே போனார். கால் முட்டி மேஜையில் இடித்தது.

"சொல்லுங்கண்ணே. நாளைக்குத் தென்னேரி வண்டி நீங்கதானே?"

மூக்கு திரையில் படுகிற தூரத்தில் கருப்புக்குள்ளிருந்து முதலில் ஒரு சக்கரம் வந்தது. அப்புறம் தரையில் ஊன்றிய ஒரு கால். ஹேண்டிலில் மாட்டிய டிபன் பை. ஒரு வெள்ளைச் சட்டை. அடேயப்பா, சட்டையில் மடிப்புகூட இருந்தது.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்பா" என்றார் பூவராகவன். சைக்கிள்காரன் இப்போது முழுதாகத் தெரிந்தான். மகள் சொன்னது சரிதான். ஒரு கையை உயரத் தூக்கி, வண்டியை நிறுத்தச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தான்.