சாவியை வாங்கிக்கொண்டவள்

திருப்பனந்தாளுக்குக் கிழக்கே பஞ்சநதத்தின் வயலில் விண்ணரசியின் அறுப்பு மிஷின் பாதி நெல்லை அறுத்திருந்தது. இன்னும் நாலு மா நிலம் பாக்கி. குறுவைக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. கொள்ளிடத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

விண்ணரசி ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வரப்பில் வேகமாக வந்தாள். மிஷின் அவளுடையது, ஓட்டுவது பரிதி. ஒரு கதிர் மிச்சமில்லாமல் அறுப்பான் என்று சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர். சாப்பிட்டு முடித்து மிஷினில் ஏறப் போனவனிடம், டீசல் போதுமா என்று கேட்டாள். போதும் என்று சொல்ல அவன் வாயைத் திறந்ததும் சாராய வாடை அடித்தது.

சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சந்தாங்க்கா. நிதானமாத்தான் இருக்கேன். மழைக்குள்ள அறுத்து முடிச்சிர்றேன்."

நிதானமாகத்தான் தெரிந்தான். அதுதான் அவளைத் தடுமாற வைத்தது. ஆனால் மிஷின் போகும் வழியில் கூலிக்கு வந்த காளியம்மாளும் இன்னும் சில பெண்களும் வைக்கோலை ஒதுக்கிக்கொண்டு நடப்பார்கள். போன வருடம் பக்கத்து ஊரில் வேறொருவரின் மிஷின், திரும்பிப் பார்க்காமல் பின்னால் எடுத்ததில் ஒரு பெண்ணின் காலை நசுக்கிவிட்டது. ஓட்டியவன் குடித்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, குடித்தவர் யாரும் தன் மிஷினில் ஏறக்கூடாது என்று விண்ணரசி சொல்லிவைத்திருந்தாள்.

பஞ்சநதம் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் குரல் இறங்கியது. மதியச் சாப்பாட்டோடு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

"அறுப்புக்கு வர்ற டிரைவருக்கு எல்லாரும் குடுக்கறதுதானம்மா. சந்தோஷமாத்தான் குடுத்தேன். இதுக்குப் போயி வண்டிய நிறுத்துவியா?"

அவள் போனை எடுத்தாள். தெரிந்த டிரைவர்கள் எல்லாரும் யார் யார் வயலிலோ மழைக்கு முன்னால் முடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள். மிஷின் ஓட்டத் தெரிந்த தம்பி ஜெனித் திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் இருந்தான். உடனே கிளம்புகிறேன் என்றான். வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். வரப்பில் முன்னும் பின்னும் நடந்தாள். வானத்தைப் பார்த்தாள், நெல்லைப் பார்த்தாள். பஞ்சநதம் கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார், பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. சாவி இருந்த கை தானாகவே பரிதியின் பக்கம் நீண்டது.

"நாங்கதாம்மா கூட நடக்கணும்," என்றாள் காளியம்மாள்.

விண்ணரசி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கையால் முடிந்த மட்டும் அறுக்கலாமா என்று காளியம்மாளிடம் கேட்டாள். பெண்கள் தங்கள் தெருவுக்குப் போய் அரிவாள்களோடும் இன்னும் நாலைந்து பேரோடும் திரும்பினார்கள். விண்ணரசியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பரிதி தானும் ஒரு அரிவாளுக்குக் கை நீட்டினான். வேண்டாம், உட்கார் என்றாள். அவன் வரப்பில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஒரு மா அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அறுத்ததைக் கட்டித் தூக்கித் தார்ப்பாயின் கீழே சேர்த்தார்கள். நின்ற நெல் காற்றில் படுத்துவிட்டது. ஜெனித் வந்தபோது வயலில் தண்ணீர் நின்றது. பஞ்சநதம் அவளைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

படுத்த நெல்லில் பெரும்பகுதி முளைவிட்டது. இந்த மிஷினைக் கூப்பிடாதீர்கள் என்று பஞ்சநதம் டீக்கடையில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அறுப்புக்குப் பேசிவைத்திருந்த இரண்டு பேர் வேறு மிஷினுக்குப் போய்விட்டார்கள். பரிதியும் வேலைக்கு வரவில்லை. செய்தது சரிதானா என்ற கேள்வி அவளைச் சாப்பிடவிடவில்லை, படுக்கவிடவில்லை. கடைசியில் அவன் வீட்டுக்கே போனாள்.

"நான் கேக்கறதில்லக்கா," என்றான் பரிதி. "ஆசையா நீட்டறாங்க. வேணாம்னா மொகம் மாறிடுது. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

"நான் சொல்றேன். டிரைவருக்குக் குடிக்கக் குடுக்கக்கூடாதுன்னு வண்டிய அனுப்பறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன். புடிக்காதவங்க வேற வண்டிய வச்சுக்கட்டும். ஆனா குடிச்சிருந்தா நீ வண்டியில ஏறக்கூடாது."

அவன் தலையாட்டினான்.

மறுநாளிலிருந்து மிஷின் கேட்டுப் பேசுகிறவர்களிடம் அவள் முதலில் அதைத்தான் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் போனை வைத்துவிட்டார்கள். அறுக்கக் கிடைத்த வயல்கள் குறைந்துதான் போயின. ஆனாலும் மிஷின் ஓடியது. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஏதாவது ஒரு காரணத்தோடு வரப்பில் வந்து நிற்பாள். அவள் எதற்கு வருகிறாள் என்பது பரிதிக்குத் தெரியும். மூச்சு அவள் மேல் படும்படி பக்கத்தில் வந்து நின்று, பெல்ட்டைப் பற்றியும் டீசலைப் பற்றியும் வேண்டியதற்கு மேலேயே பேசிவிட்டு மிஷினில் ஏறுவான்.