உறிஞ்சானின் கடைசி வரி

பௌர்ணமி வந்தால் மாறன், கிரிவலம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறுவான். பொய்யில்லை. சாயங்காலம் உண்மையாகவே மலையைச் சுற்றுவோம். ஆனால் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பூதங்களை வெட்டிக்கொண்டிருப்போம். அதை மட்டும் அவன் வீட்டில் சொன்னதில்லை.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. கீழே நாங்கள், மாடியில் நான்கு அறைகள். அம்மா அவற்றை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவாள். 1990-இல் மூன்றாம் அறைக்கு வந்த இங்கிலாந்துக்காரர் நைஜல், உலகப் பற்றையெல்லாம் விட்டுவிட்டேன் என்று தினமும் அம்மாவிடம் சொல்லுவார். இட்லிக்குச் சட்னி கம்மியானால் மட்டும் முகம் சுருங்கிப்போகும். பற்றை விட்ட மனிதரின் பையில் தடியாக ஒரு பூதப் புத்தகம் இருந்தது. பக்கத்துக்கு ஒரு பூதம், பக்கத்திலேயே படம், அது எப்படிக் கடிக்கும், எப்படிச் சாகும் என்ற விவரம். ஊருக்குப் போகும் வாரத்தில் மூன்று மத்தியானம் உட்கார்ந்து எனக்கும் என் தங்கை தமிழ்செல்விக்கும், பள்ளியில் என்னோடு படித்த மாறனுக்கும் அந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள் அந்தப் புத்தகத்தையும் துறந்துவிட்டுப் போனார்.

விளையாட்டு இதுதான். ஒருவர் நடுவர். அவர் கதை சொல்லுவார்: இருட்டுக் குகை, உள்ளே உறுமல், நீ என்ன செய்கிறாய்? மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீரன், ஒரு தாளில் அவன் கணக்கு. ஜெயிக்க ஜெயிக்க வீரன் படி ஏறுவான். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்று சொல்ல இருபது பக்கப் பகடை வேண்டும். அது நைஜலிடமே இல்லை, எங்கேயோ தொலைத்திருந்தார். தமிழ்செல்வி இருபது புளியங்கொட்டையில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டு ஒரு சுருக்குப்பையில் போட்டாள். கையை விட்டு ஒன்றை எடுக்கவேண்டும். பெரிய எண் வந்தால் நல்லது.

ஒரு மழைக்காலத்தில் இருபதாம் எண் கொட்டையை வண்டு துளைத்துவிட்டது. விரலால் தடவினாலே தெரியும். மூன்று பேருக்கும் தெரியும். வேறு கொட்டை மாற்றுவோம் என்று நான் சொன்னபோது மாறன், "இன்னாத்துக்குடா? நம்ம என்ன திருடனுங்களா?" என்றான். அப்படியே விட்டுவிட்டோம்.

இன்னொரு சட்டமும் நாங்களே போட்டுக்கொண்டது. ஒவ்வொரு பூதத்தையும் அகராதி வைத்துத் தமிழாக்கி ஒரு நீள நோட்டில் எழுதுவேன். சண்டைக்கு முன்னால் அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நடுவர் உரக்கப் படிக்கவேண்டும், பூதத்துக்குப் பாதகமான வரியாக இருந்தாலும். எப்போதும் நான்தான் நடுவர். புத்தகம் என் வீட்டுப் புத்தகம் அல்லவா, அந்த ஜம்பம் எனக்கு ஜாஸ்தி.

மூன்று வருடத்தில் மாறனின் வீரன் வெட்டுடையான் ஒன்பதாம் படியில் நின்றான். தமிழ்செல்வியின் மின்னலா எட்டில். நேரில் பார்த்த ஆட்களைப் போல அவர்களைப் பற்றிப் பேசுவோம். கிரிவலப் பாதையில் சனங்கள் சிவ நாமம் சொல்லிக்கொண்டு போக, நாங்கள் நடுவில் புகுந்து வெட்டுடையானுக்கு அடுத்து என்ன கவசம் வாங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டே பதினாலு கிலோமீட்டரையும் நடந்துவிடுவோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததே இல்லை.

1993 ஜூலைப் பௌர்ணமி அன்று மாறன் மைசூர்பாகு பொட்டலத்தோடு வந்தான். சென்னையில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்புகிறான். எனக்குப் பிளஸ் டூ கணக்கில் முப்பத்தொரு மார்க். அக்டோபரில் மறுபடி எழுதவேண்டும். அம்மா அவனுக்குத் திருநீறு பூசிவிட்டு, "நல்லா படிப்பா மாறா. இவனும் இருக்கானே" என்றாள். என் பங்கு மைசூர்பாகைத் தமிழ்செல்வியிடம் தள்ளிவிட்டேன்.

அன்றைக்கு நான் குகைக்குள் வைத்த பூதம் உறிஞ்சான். நாங்கள் வைத்த பேர். தொட்டால் வீரனின் படியை உறிஞ்சிவிடும், ஒரு தொடுகைக்கு மூன்று படி. எல்லாப் படியும் போனால் அவன் உறிஞ்சானுக்கே அடிமை. நோட்டை விரித்துப் படித்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: "கூட வந்தவர்களில் ஒருவர் தன் படியில் பாதியைத் தர முன்வந்தால், வீழ்ந்தவன் அந்தப் பாதியோடு எழுவான்."

அந்த வரிக்கு முன்னால் நோட்டை மூடினேன்.

மாறன் மூன்று முறை பையில் கைவிட்டான். ஐந்து, எட்டு, இரண்டு. மூன்று முறையும் உறிஞ்சான் தொட்டுவிட்டது. ஒன்பது படியும் போயிற்று. அவன் நோட்டையே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "வேற ஒண்ணும் இல்லியாடா வேணு?" என்று கேட்டான்.

"ரூல்னா ரூல்தான்" என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். மலையை அன்று தனியாகச் சுற்றியிருப்பான். அவனை அப்படி அனுப்பியதற்காகத் தமிழ்செல்வி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, அந்த வரி அவளுக்குத் தெரியாது. மாறன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் போயிருக்கலாம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமி போகலாம் என்று நினைத்துக்கொள்வேன். அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

2002-இல் நைஜல் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது, பற்று மறுபடியும் விட்டிருந்தது, பையில் பூதப் புத்தகத்தின் புதிய பதிப்பு இருந்தது. பழைய பூதங்கள்தான், சட்டமெல்லாம் தலைகீழ். முன்பு கவசத்துக்கு எண் குறையக் குறைய நல்லது. இப்போது ஏற ஏற நல்லது. முட்டாள் பூதத்துக்குக்கூடப் புத்தி இத்தனை, முகவெட்டு இத்தனை என்று மார்க் போட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. உறிஞ்சானைத் தேடினேன். பாதிப் படி தரும் வரியே இல்லை. உறிஞ்சியது நிரந்தரமும் இல்லை. மறுநாள் காலையில் பதினைந்துக்கு மேல் எண் விழுந்தால் போன படி எல்லாம் தானாகத் திரும்பிவிடும்.

சாக்கு கிடைத்துவிட்டது. புத்தகத்தை நைஜலிடம் இரவல் வாங்கி, பழைய நோட்டையும் சுருக்குப்பையையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன்.

படிப்பை முடித்த மாறன் ஊரோடு வந்து மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். கையெல்லாம் வார்னிஷ். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "வா. அம்மா எப்படிக்கீறாங்க?" என்றான். டீ சொன்னான். நான் மூச்சு விடாமல் புதுப் புத்தகத்தை விரித்து விளக்கினேன்.

"ரூலை மாத்திட்டாங்கடா. பதினஞ்சுக்கு மேல வந்தா வெட்டுடையான் எழுந்துடுவான்."

அவன் பக்கத்தைப் பார்க்கவில்லை. உறிஞ்சான் படத்தைத்தான் பார்த்தான். "மூஞ்சி மாறிப்போச்சே" என்றான். பிறகு மெதுவாக, "புது ரூல் இருக்கட்டும். பழசுல கடைசியா ஒரு வரி இருந்துச்சே, அது இன்னா ஆச்சு?" என்றான்.

எனக்குக் காது சுட்டது. பழைய நோட்டை எடுத்தேன். உறிஞ்சான் பக்கத்தில் பென்சிலில் படம், கீழே 'மா' என்று சின்னதாக எழுத்து. நோட்டில் எல்லாப் படத்தையும் வரைந்தவன் அவன்தான். அந்தப் படத்துக்காகப் புத்தகத்தையும் நோட்டையும் மூன்று நாள் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தான். இதை எப்படி மறந்தேன்?

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நடுவர் நீ. படிக்கவேண்டியவன் நீ. நீயே படிப்பேனு பாத்தேன்."

"பொறாமைடா" என்றேன். "நீ போற, நான் பெயிலு. அதான்." ஒன்பது வருடம் சொல்ல முடியாதது, சொன்னால் இவ்வளவுதான் இருந்தது. அவன் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு சுருக்குப்பைக்குள் விட்டான். வெளியே எடுத்தான். நாலு.

எனக்கு அழுகை முட்டியது. "இருபதாம் நம்பர் சொத்தைக் கொட்டை உள்ளதான்டா கீது. தடவி எடுத்திருக்கலாமில்ல?"

"கைல பட்டுச்சு. வுட்டுட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தான். "அன்னிக்கும் பட்டுச்சு."

நோட்டை நிமிர்த்தி, கடை வாசலில் மோட்டாரோடு காத்திருந்தவர் வேடிக்கை பார்க்க, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தேன். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

பிறகு அவன் கடை போனிலேயே வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போட்டேன். தமிழ்செல்வி அங்கே டைப்பிஸ்ட். மாறன் கடையிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, அந்த வரியை அவளுக்கும் படித்தேன். மின்னலா பாதிப் படி தருவாளா என்று கேட்டேன்.



"ஏன்ணா, இதை அன்னிக்கே படிச்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே" என்றாள். "குடுத்துட்டேன்னு சொல்லு. எட்டுல பாதி, நாலு."

மாறன் மேஜை டிராயரைத் திறந்து, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். மடிப்பில் கிழிந்திருந்தது. ஒன்பதை அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதிவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் அடுத்த பௌர்ணமி எப்போது என்று பார்த்தான்.